கலர் கேசரி

மாப்பிள்ளை கேசரியைத் தொடவில்லை.

காபியைக் குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக வைத்தான். பஜ்ஜியில்கூட ஒன்றைப் பேருக்குக் கடித்தான். கேசரிக் கிண்ணம் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

பெண்ணின் அப்பா கன்னையா அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சனத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் இனிப்பை வாயில் போட்டால் சம்மதம். தொடாமல் எழுந்து போனால், அதற்கப்புறம் யாரும் யாரையும் கேட்டு அனுப்ப வேண்டியதில்லை.

"துன்னுங்க மாப்ள. கொஞ்சமா எடுத்துக்கினாலும் போதும்."

"அப்பறம் எடுத்துக்கறேன் மாமா," என்றான் திருமலை. பலமனேர் பக்கம் ஒரு கிராமத்துச் சச்சிவாலய ஆபீசில் கவர்மெண்ட் வேலை பார்க்கிறவன். கைவிட்டுப் போகக்கூடாத சம்பந்தம்.

பக்கத்தில் அவன் அம்மா கமலம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை. இந்த விஜயபுரத்து வீட்டில் அதை யார் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறார்களோ, தெரியவில்லை.

"பொண்ணுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள். "ஏன் கேக்கறேன்னா, மறைச்சி பண்ற வேலயெல்லாம் எங்களுக்கு ஆவாது."

"ஜுரம்னு ஒரு நாள் படுத்ததில்ல," என்று பெண்ணின் அம்மா பொன்னியம்மா முந்திக்கொண்டாள்.

சுவரோரம் நின்ற தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கு வலி மாத்திரை ஆகாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தலைவலிக்கு ஒன்று போட்டு, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, சித்தூர் ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தவள். கலர்ப் பொடி போட்ட பண்டமும் அவளிடம் அதே வேலையைக் காட்டும். போன மாசம் வெதுருகுப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொன்னாள். பஸ் ஏறியவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

காலையில்கூட, "கேசரிக்குக் கலர் போடாதம்மா," என்று கெஞ்சினாள்.

"வெள்ளையா வெச்சா உப்புமான்னு நெனச்சிப்பாங்க. ஏன் கலர் போடலன்னு ஒரு பேச்சு வரும். துன்னப் போறது நீ இல்ல, அவங்கதானே? வாயத் தொறக்காம நில்லு, போதும்," என்று சொல்லிவிட்டுப் பொன்னியம்மா கலரைத் தாராளமாகவே தூவினாள்.

"வாங்க, வூட்ட பாக்கலாம்," என்று அவள் இப்போது கமலம்மாவைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனாள். கைப்பையும் கூடவே போனது.

திருமலை தேன்மொழியைப் பார்த்தான்.

"என்ன பண்றீங்க இப்ப?"

"டீச்சர் வேலைக்குப் பரீட்ச எழுதப் படிச்சிக்கினு இருக்கேன்."

"தமிழ் ஸ்கூலா, தெலுகு ஸ்கூலா?"

"எது கெடச்சாலும் சரி. பசங்க ரெண்டத்தயும் கலந்துதானே பேசறாங்க."

அவன் சிரித்துவிட்டான். பிறகு கேசரிக் கிண்ணத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். சமையலறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டான். கன்னையா பார்க்கட்டும் என்று இன்னொரு ஸ்பூனும் போட்டான்.

"பொன்னி, மாப்ள இனிப்பு எடுத்துக்கினாரு," என்று கன்னையா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

கமலம்மா விழுந்தடித்துக்கொண்டு வந்தாள்.

"யாரக் கேட்டுடா துன்ன? எழுந்திரு, கெளம்பு."

"இரும்மா."

"இருக்கறதுக்கு ஒண்ணுமில்ல. எழுந்திருன்றேன்."

கன்னையாவுக்குச் சுருக்கென்றது. வேலைக்குப் போகிற பிள்ளை, தனக்குப் பிடித்த பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லக்கூட அம்மாவின் உத்தரவு வேண்டுமா? இந்த அம்மாளிடம் பெண்ணைக் கொடுத்தால் அவள் கதி என்ன?

தேன்மொழிக்கு வேறு கவலை. அம்மா சொன்ன பொய்யை நம்பி ஒருவன் இனிப்பைத் தின்றுவிட்டான். இனிமேலும் வாயை மூடிக்கொண்டு நிற்பது அவளால் ஆகாத காரியம்.

"எங்கம்மா சொன்னது பொய்ங்க. எனக்கு வலி மாத்திர ஒத்துக்காது. கலர் போட்டது துன்னா மூஞ்சி வீங்கும், மூச்சு அடைக்கும். ஆயுசுக்கும் பாத்து நடந்துக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. தெரிஞ்சிக்கினு முடிவு பண்ணுங்க."

பொன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கமலம்மாவுக்குப் பிடி கிடைத்துவிட்டது.

"பாத்தியாடா? நோயாளிப் பொண்ண மூடி மறைச்சி நம்ம தலையில கட்டப் பாத்திருக்காங்க. மனசாட்சி இருக்கிறவங்க பண்ற வேலயா இது? இவங்க வூட்ல தண்ணி குடிச்சதே தப்பு."

மகன் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். அவனால் எழுந்திருக்க முடியவில்லை. கழுத்தைச் சொறிந்தான். மேலுதடு தடித்துத் தொங்கியது. மூச்சு விசில் மாதிரி கேட்டது.

கன்னையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தேன்மொழிக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியில் அவளே பார்த்துப் பயந்த உதடு அது.

"நைனா, ஆட்டோவக் கூப்டு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள். அலமாரியிலிருந்து தன்னுடைய இன்ஹேலரையும் அலர்ஜி மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள், கூடத்தில் அப்படியே நின்றாள்.

கைப்பை திறந்து கிடந்தது. கமலம்மா மகனுடைய வாயில் இன்ஹேலரை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பழகிய கை. பக்கத்தில் கிடந்ததும் அதே மாத்திரை அட்டைதான்.

கமலம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆட்டோ வருவதற்குள் அவனுக்கு மூச்சு கொஞ்சம் அடங்கியது. தேன்மொழி கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஒத்துக்காதுன்னு தெரிஞ்சும் ஏன் துன்னீங்க?"

வீங்கிய உதட்டோடு அவன் சொன்னான்.

"துன்னாம எழுந்து போனா, உங்களப் புடிக்கலன்னு ஆயிடுமே."