வெங்காயத்தாள் விருது

வெங்காயத்தாள் கட்டு மூன்றாவது முறையாக முகத்தில் இறங்கியது. லிசார்தோ தடுக்கவில்லை. பல் தெரியச் சிரித்தான்.

"வெக்கமே இல்லையாடா உனக்கு? அத்தனை பேர் முன்னாடி ஒரு பொம்பளைய அப்படிப் பேசலாமா? வீட்டுக்குப் போற வரைக்கும் அழுதேன்டா!" காய்கறிக்காரி ஹெர்மெலிந்தாவுக்கு மூச்சு வாங்கியது.

"பேசக் கூடாதுதான்க்கா. இன்னும் ரெண்டு போடுங்க."

பொகோட்டாவின் அந்தச் சந்தையில் வியாபாரம் நின்றது. பக்கத்து உருளைக்கிழங்குக் கடைக்காரர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். "விடும்மா. பாவம், பைத்தியம்."

"பைத்தியம் இல்லண்ணே. நடிகன்," என்றான் லிசார்தோ.

பத்து வருடம் தனி ஆளாக மேடையில் மைக்கோடு நின்று ஊரைச் சிரிக்க வைத்தவன். இப்போது எட்டு மணித் தொடரில் காப்பித் தோட்ட முதலாளி, கொடுங்கோலன். முந்தாநாள் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே ஒரு விதவையை ஏசித் துரத்தினான். நாடே அழ வேண்டிய காட்சி. நாடு சிரித்தது.

நேற்று தயாரிப்பாளர் ஓதிலியா கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் மூஞ்சியைப் பார்த்தா யாருக்கும் கோபமே வர மாட்டேங்குது. போன தொடர் வில்லன் சர்ச் வாசல்ல செருப்படி வாங்கினான். அடுத்த தொடர்ல அவன்தான் ஹீரோ. உன்னை இதுவரைக்கும் ஒருத்தராவது திட்டினாங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப வெள்ளிக்கிழமை உன் ஜீப் மலையிலேர்ந்து உருளுது."

இன்று விடிந்ததிலிருந்து லிசார்தோ சந்தையில் முகத்தைக் காட்டிக்கொண்டு அலைந்தான். மீன்காரர்கள் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்தார்கள். அரேப்பா என்னும் சோள ரொட்டி சுடுபவர், "பழைய ஜோக் ஒண்ணு விடு தம்பி" என்று சூடாக ஒன்றை இலவசமாகவே நீட்டினார். அழுகை வந்தது. வெங்காயத்தாள் விழுந்தது அப்போதுதான்.

கண்ணில் வழிந்த சாற்றைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தான். "மேடம், அடிச்சிட்டாங்க! நிஜ அடி!"

"ஆள் வச்சு அடிக்கச் சொன்னியா?"

"எங்கம்மா சத்தியமா இல்ல. நீங்களே பேசுங்க." ஸ்பீக்கரைப் போட்டு ஹெர்மெலிந்தாவின் முன் நீட்டினான்.

"அம்மா, இவன் மேல அவ்வளவு கோபமா?"

"கோபமா? இவன் பேசினதை நெனச்சாலே இன்னிக்கும் சோறு எறங்க மாட்டேங்குது."

ஓதிலியாவின் குரல் குழைந்தது. "ஆகா! இதுதான் வேணும். லிசார்தோ, ஜீப்பை நிறுத்தியாச்சு. இன்னும் நூறு எபிசோடு நீ சாகமாட்டே."

லிசார்தோ காய்கறிக்காரியின் கையைப் பிடித்து முத்தமிட்டான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா, விளம்பரத்துல போடணும். எந்தக் காட்சியைப் பார்த்துட்டு அடிச்சீங்க?" ஸ்பீக்கரில் ஓதிலியா கேட்டார்.

ஹெர்மெலிந்தா கையை உருவிக்கொண்டாள்.

"காட்சியா? எங்க வீட்ல டிவியே கிடையாது. மூணு வருஷம் முன்னாடி, என் பொறந்தநாளுன்னு இவனோட காமெடி ஷோவுக்குப் போனேன். முன் மேஜையில உக்காந்திருந்த என் உடம்பை வச்சே அரை மணி நேரம் சிரிக்க வச்சான்."