இன்னும் ஓர் உறைபனி

"பூண்டுக்கீரை விதை நூறு கிராம் போடும்மா," என்றார் ஃபெங், வழக்கமான முக்காலியில் உட்கார்ந்தபடி.

விதைக்கடை யூலான் டப்பாவை மூடினாள். "இப்ப விதைச்சா கருகிடும் அண்ணே. இன்னும் ஒரு உறைபனி பாக்கி இருக்கு. அடுத்த சந்தைக்கு வாங்க."

"போன சந்தையிலயும் இதைத்தானே சொன்ன?"

"பனி என்ன என் வீட்டு மாப்பிள்ளையா, கூப்பிட்ட நாளைக்கு வர? டீ ஆறுது, குடிங்க."

சந்தை கலையும்வரை பேசியிருந்துவிட்டு, ஃபெங் ஒரு தூக்கை வைத்துவிட்டு எழுந்தார். "என் தோட்டத்துல அறுத்து நானே செஞ்சது. தனியா எவ்வளவுதான் திங்கிறது?"

அவர் போனதும் பக்கத்துக்கடை முட்டைக்காரி பிடித்துக்கொண்டாள். "ஏன்க்கா, பஞ்சாங்கத்துல தானிய மழை நாள் வந்தா பனி முடிஞ்சுதுன்னு கணக்கு; அது போயே பதினஞ்சு நாளாச்சு. ஊரே விதைச்சிடுச்சு. வந்த வியாபாரத்த விரட்டுறியே?"

"விதையக் கொடுத்துட்டா மனுஷன் எதுக்குடி திரும்ப வரப்போறாரு? என் வீட்டுக்காரர் போனதுலேர்ந்து மூணு வருஷம் சும்மா கெடந்த டம்ளர்டி இது."

யூலான் தூக்கைத் திறந்தாள். கொழுக்கட்டை. ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். பூரணம் முழுக்கப் பச்சைப்பசேலென்று பூண்டுக்கீரை. ஒருமுறை விதைத்தால் பத்து வருடம் அறுக்கிற கீரை அது.

அடுத்த சந்தைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. இரண்டாவது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.