மாண்டலேயில் வெயில் எப்படி?

அச்சு மை வாசம் போகாத காகித விசிறிகளை, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள் நிலார். பந்தலில் உட்கார இடமில்லை. தேநீரும் சூரியகாந்தி விதையும் சுற்றி வந்தன. ஓரத்து மேசையில் சீட்டாட்டம் சூடுபிடித்திருந்தது.

தெருவில் தண்ணீர்த் திருவிழாவின் கூச்சல். வாளியும் கையுமாகப் பிள்ளைகள் ஓடினார்கள். மேலே விழுந்த தண்ணீர் கீழே சொட்டுமுன் காய்ந்துவிடுகிற வெயில்.

கைபேசி அடித்தது. தம்பி தூரா.

“அக்கா, பாங்காக்ல இறங்கிட்டேன். அடுத்த விமானம் தாமதமாம்.”

“எவ்வளவு நேரம்டா ஆகும்?”

“சாயங்காலம்னு சொல்றாங்க. அதுவும் நிச்சயமில்ல. அங்க வெயில் எப்படிக்கா இருக்கு?”

நேற்றிலிருந்து இதே கேள்விதான். கொரியாவுக்கு வேலைக்குப் போன இந்த ஆறு வருஷத்தில், ஊர் வெயிலைப் பற்றி அவன் ஒருநாளும் விசாரித்ததில்லை. இப்போது கூப்பிடும்போதெல்லாம் அதையே கேட்கிறான்.

“ஏப்ரல் மாசத்து மாண்டலே வெயில உனக்கு நான் சொல்லணுமா? மண்டையப் பொளக்குது. மாட்டிட்டிருக்கிற கம்பளிக் கோட்டை அங்கயே கழட்டிப் பெட்டில வை. பனிக்கரடி மாதிரி வந்து இறங்காத.”

பனிக்கரடி என்றது அம்மாதான். போன வாரம், அவனுடைய பழைய பருத்தி லுங்கியை மறுபடியும் துவைத்து மடித்துக்கொண்டே சொன்னாள். அந்த லுங்கி மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது.

“ராத்திரிலயாவது சூடு குறையுதா?”

“எங்க குறையுது? செவுத்துல கைய வச்சா சுடுது.”

“மேகம் ஏதாவது தெரியுதா? ஒரு மழை பெஞ்சா நல்லாருக்கும்.”

“ஒரு பொட்டு விழல. மழைக்குக் காத்துக்கிட்டு படௌக் மரம்கூட இன்னும் பூக்காம நிக்குது.” குரலில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். “ஏன்டா, வானிலை ஆபீஸ்ல வேலைக்குச் சேந்துட்டியா?”

அவன் சிரிக்கவில்லை. சின்ன வயதில், அவள் கேலியைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுகிறவன்.

“கரண்ட் இருக்கா?”

“விடியறப்ப போனது, இன்னும் வரல. துரைக்கு இப்பல்லாம் ஃபேன் இல்லாம தூக்கம் வராதோ?”

வாசலில் ஐஸ் வண்டி வந்து நின்றது. “பாதியப் பானக அண்டாவுல போடு, மீதி உள்ள போகட்டும்” என்று ஆளை விரட்டினாள் ஓன் சீ சித்தி. பிறகு நிலார் பக்கம் வந்து, தம்பியா என்று கண்ணாலேயே கேட்டாள். நிலார் கைபேசியை உள்ளங்கையால் மூடினாள்.

“நாளைக்குக் காலைல நாம கெளம்பறதுக்குள்ள வந்துருவானாடி?”

“தெரியல சித்தி. விமானம் தாமதமாம்.”

“அதுக்கு மேல தள்ள முடியாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்களே. நீ ஒண்ணும் சொல்லிடலையே அவன்கிட்ட?”

“இல்ல சித்தி. வந்து அவனே பாக்கட்டும்.”

ஆறு திருவிழாக்களைத் தவறவிட்டவன். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுக்கப் போகிறேன் என்பான். ஒவ்வொரு தடவையும் முதலாளி லீவு தரமாட்டார். இந்தத் தடவை கிளம்பியே விட்டான். இந்த ஒரு தடவை மட்டும் அவன் நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

சீட்டாட்ட மேசையில் யாரோ ஓங்கி அறைந்து சீட்டைப் போட்டார்கள். சிரிப்பு கிளம்பியது. அவள் கைபேசியைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

“யாருக்கா சீட்டாடறது? நேத்தும் கேட்டுது.”

“அக்கம்பக்கத்து ஆளுங்கதான். திருவிழால்ல.”

“அம்மா ஒண்ணும் சொல்லலியா?”

சீட்டுக்கட்டைக் கண்டாலே எடுத்து அடுப்பில் போடுகிறவள் அம்மா. அப்பா இருந்தவரை எத்தனை கட்டுகள் அப்படி எரிந்திருக்கும்.

“வருஷத்துக்கு ஒரு தடவைதானேன்னு... விட்டுட்டாங்க.”

பந்தலுக்குப் பின்னால் சுத்தியல் விழுந்தது; கட்டி பிளக்கும் ஓசை, மறுபடியும் சுத்தியல்.

“அது என்ன சத்தம்?”

“ஐஸ் உடைக்கறாங்கடா. பானகத்துக்கு.”

அந்தப் பக்கம் ஏதோ விமானத்துக்கு ஆள் கூப்பிடும் அறிவிப்பு ஒலித்து அடங்கியது. இணைப்புப் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தாள். போகவில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்தால் பேசுவானே, அந்தக் குரலில் கேட்டான்.

“நான் வர்ற வரைக்கும் அம்மாவுக்கு அந்த ஐஸ் தாங்குமாக்கா?”