இரண்டாவது டம்ளர்

"ஒரு ஆளுக்கு எதுக்குங்க ரெண்டு டம்ளர்?"

வனிதாவின் குரலில் இருந்த சூடு அடுப்பில் கொதித்த தண்ணீரில்கூட இல்லை.

ரகுநாத் நிமிரவில்லை. சைக்கிளைச் சுற்றிக் கூடம் முழுக்கப் பைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். ஹேண்டில்பாரில் கட்ட உருண்டைப் பை, கம்பிகளுக்கு நடுவே செருக முக்கோணப் பை, சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட நீளப் பை. பக்கத்தில் சமையலறை எடை மெஷின். நாளைக் காலை சைக்கிள் கிளப்போடு கிளம்பினால் மறுநாள் சாயங்காலம்தான் வீடு.

"சும்மா, ஒரு ஸ்பேர்" என்றான்.

"ஸ்பேரா? கை வலிக்க வலிக்கப் புழிஞ்ச முறுக்கு முந்நூறு கிராம், கனமா இருக்குன்னு தூக்கி வெளியே வெச்சீங்க. டூத் பிரஷ் காம்பைக்கூடப் பாதியா ஒடிச்சீங்க. டம்ளருக்கு மட்டும் ஸ்பேரா?"

ரகுநாத் காபி பில்டரையும் தண்ணீர் பாட்டிலையும் முக்கோணப் பைக்குள் இறக்கினான். "கனமான சாமான் நடுவுல இருக்கணும். அப்பத்தான் வண்டி ஆடாது."

"வண்டி ஆடாது. குடும்பம்தான் ஆடுது."

கிளப்பில் ரகுநாத்தின் காபிக்குத் தனி மவுசு. எதைக் குறைத்தாலும் ஒரு லிட்டர் நல்ல தண்ணியைக் குறைக்க மாட்டான். போர்வெல் தண்ணியில் போட்டால் காபி செத்துவிடும் என்பான். மரத்தடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, அப்போது அரைத்த பொடியில் வெந்நீரை நூல் மாதிரி விட்டு, அவசரப்படாமல் டிக்காஷன் இறக்குவான். போன மாதம் வாட்ஸ்அப் குரூப்பில் இலக்கியா என்பவள் போட்ட வரி வனிதாவுக்கு மனப்பாடம். 'ரகு அண்ணா காபிக்காகவே அடுத்த ட்ரிப்பும் வருவேன்!' கூடவே நாலு இதயம்.

அண்ணாவாம். அண்ணனுக்கு எதற்கு நாலு இதயம்?

"அந்த பேங்க்காரி இலக்கியாவும் வாராளா?"

"வாராங்க. மொத்தம் எட்டுப் பேரு."

"எந்தப் பக்கம்?"

"கந்தர்வக்கோட்டை. முந்திரிக்காட்டுல டென்ட்."

வனிதா முந்தானையை இழுத்துச் செருகினாள். "மறுபடி அங்கிட்டா? எங்க அக்கா ஊர்ல அப்படி என்ன இருக்கு? சித்தன்னவாசல் போனா ஓவியமாவது பாக்கலாம்."

"பஸ்ல வந்து ஒங்க அக்கா வீட்டுல இருன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? நீதான் வர மாட்டேங்குற."

"பேச்சை மாத்தாதீங்க." தரையில் கிடந்த குட்டி டப்பாவைத் திறந்தாள். "இது என்ன, சீனியா? நீங்கதான் சீனியைத் தொடுறதே இல்லையே. காபியைக் கசப்பாக் குடிச்சாத்தான் ருசின்னு எனக்கே பாடம் எடுத்தீங்க. அப்ப இந்தச் சீனி யாருக்கு? இந்தப் பால் பவுடர் யாருக்கு?"

ரகுநாத் ஸ்பேனரால் ஹேண்டில்பாரை முடுக்கினான்.

"போன ட்ரிப் முடிஞ்சு பையைக் கழுவுனேன். உள்ள சிவப்பா ஒரு ஹேர்கிளிப். மூணு வாரமா மனசுக்குள்ளயே போட்டு மெல்லுறேன். இப்ப சொல்லுங்க."

ரகுநாத் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"சரி. ஸ்பேர் இல்ல. ஒருத்திக்குத்தான்."

பொய் சொல்லுவான், பிடித்து உலுக்கலாம் என்றுதான் வனிதா காத்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா. ட்ரிப் போறப்ப ஒரு மணி நேரம் கிளப்பை விட்டுட்டுத் தனியாப் போயிப் பாத்துட்டு வாரேன். பாலும் சீனியும் தூக்கலா, டிக்காஷன் பேருக்கு ரெண்டு சொட்டு. அப்பத்தான் குடிப்பா."

ரசித்துச் சொன்னான். பாவி மனுஷன், ரசித்துச் சொன்னான்!

"இலக்கியாதானே?"

"சேச்சே!"

"அப்ப வேற எவ? என்னைவிட அழகோ?"

"ஒன்னைய மாதிரியேதான். கோவம் வந்தா மூக்கு இப்படித்தான் விடைக்கும்."

நீளப் பையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சீட்டுக்குப் பின்னால் ஒரு கேரியரை முடுக்க ஆரம்பித்தான். அதன்மேல் மெத்தென்று ஒரு குஷன்.

"அது எதுக்கு?" என்றாள் வனிதா.

"திரும்பி வரும்போது அவ உக்கார இடம் வேணும்ல? அதுக்குத்தான் இவ்வளவு கனத்தைக் குறைச்சேன். இங்கேயே கூட்டிட்டு வந்துரப்போறேன்."

"இந்த வீட்டுக்கா? நான் ஒருத்தி உயிரோட இருக்கும்போதா?"

"நீ இருக்கிறதாலதான்."

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து அந்த இரண்டாவது டம்ளரைப் பறித்தாள். சுவரில் வீசக் கையை ஓங்கினாள்.

விரலில் ஏதோ சொரசொரத்தது. பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்.

"ஓ, பேரு வேற வெட்டிக் குடுத்திருக்கீங்களா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பினாள்.

'அன்புமொழி.'

ஏழு வருடத்துக்கு முன்னால் வனிதாவே ஆசையாக வைத்த பெயர் அது. இந்தக் கல்யாணத்துக்காக, வெளியே மூச்சு விடக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, கந்தர்வக்கோட்டையிலேயே விட்டுவிட்டு வந்த தன் மகளுக்கு.