தட்டு அவனிடம், மோட்டார் என்னிடம்

வானொலி நிலையத்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய பழைய டர்ன்டேபிள் ஒன்றை தௌசீப்பும் நானும் கூட்டாக ஏலத்தில் எடுத்தோம். பழுது பார்த்து முடித்த அன்றே, யார் வீட்டில் வைப்பது என்று சண்டை வந்தது. கழற்றினோம். இரும்புத் தட்டும் பெட்டியும் அவனோடு அம்மாபேட்டைக்குப் போயின. மோட்டாரும் அதன் வேகக் குமிழும் என்னோடு அஸ்தம்பட்டிக்கு வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன். தட்டில்லாத மோட்டார் சத்தமில்லாமல் ஓட வேண்டும். இது பாரம் இழுக்கிற மாதிரி முனகியது. போன் அடித்தது.

"டேய் சபரி, நிறுத்துடா. இங்க தட்டு சுத்துது."

"கரண்டே இல்லாமலா?"

"மோட்டாரே இல்லாமடா, வெண்ணை!"

"அப்ப தட்டைக் கொண்டாந்து குடு, நிறுத்தறேன்."

"செத்தாலும் தர மாட்டேன். இரு, நானே மேல ஏறி நின்னு நிறுத்தறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கேயோ வைத்தான். மோட்டாரின் முனகல் கூடியது. வேகம் குறையவில்லை. அவன் என்னைத் திட்டிய குரல் கிட்டே வந்தது, தள்ளிப் போனது, மறுபடி கிட்டே வந்தது.

"இறங்க முடியலடா," என்றான், கிட்டே வந்தபோது.

"தட்டு?" என்று கேட்டேன்.

"தர மாட்டேன்," என்றான், தள்ளிப் போயிருந்தபோது.

நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில் இருந்த வேகக் குமிழை எழுபத்தெட்டுக்குத் திருப்பினேன்.