தவிட்டுக்கு விற்ற பிள்ளை

என் இளைய மகளின் விலை நாலு டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட். சாப்பாட்டுச் சாமான் என்பதால் வரி கிடையாது.

மௌரி அவென்யூவில் நான் ஏறி இறங்கிய இந்தியக் கடை எதிலும் அரிசித் தவிடு இல்லை. ஓட்ஸ் தவிடுதான் கிடைத்தது. எமனுக்கு அவ்வளவு தானிய ஞானம் இருக்காது என்ற தைரியத்தில் வாங்கிவிட்டேன்.

முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் விருதுநகர்ப் பக்கத்து வழக்கம். வாங்கியவர் பிள்ளையைப் பெற்றவளிடமே வளர்க்கக் கொடுத்துவிடுவார். எமன் வந்து விசாரித்தால், இது இவர்கள் பிள்ளை இல்லை என்று தெரிந்து வெறுங்கையோடு திரும்புவான்.

இதைச் செய்யச் சொன்னது ஊரிலிருக்கும் பெரியவர்கள் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் பழுது கண்டுபிடிப்பதே வேலையாக இருக்கும் என் மனைவி வான்மதி.

பிறந்து மூன்று நாள். பிள்ளை கண்ணாடித் தொட்டிலில் கை காலை உதைத்துக்கொண்டிருந்தது. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வான்மதி இன்னும் அதைத் தொடவில்லை. பாலைக்கூடப் பீய்ச்சிப் புட்டியில்தான் கொடுத்தனுப்பினாள். பேர் வைப்பதைப் பற்றிப் பேசினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வித்துட்டு வாங்க. அப்புறம் தூக்குறேன்," என்றாள். "கடைப் புத்தியக் காட்டிப் பேரம் பேசிட்டு நிக்காதீங்க."

அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன், இதே ஆஸ்பத்திரியில், மூத்தவள் பிறந்ததும் அழவில்லை. மூச்சு கொடுக்கும் மாஸ்க் எங்கே என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் ஓடிப்போய்க் கொண்டுவந்தது பெரிய சைஸ். அறை நிறையக் கெட்டிக்காரர்கள்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவளுக்குப் பேர் வைக்கும் அளவுக்கு நேரம் இருக்கவில்லை.

அவளுக்கு வக்கீல் போட்ட விலை எட்டு லட்சம் டாலர்.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்கா என்று தெரிந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். சிரித்து மழுப்பினோம்.

இளையவளும் பிறந்ததும் அழவில்லை.

இந்த முறை யாரும் எதையும் கேட்கவில்லை. கைகள் தானாகப் போயின. மாஸ்க், அளவெடுத்துத் தைத்ததுபோல் பிள்ளையின் மூக்கையும் வாயையும் மூடியது. நர்ஸ் ஸ்வர்ணா காற்றுப் பையை அமுக்கி அமுக்கி விட்டார். குட்டி நெஞ்சு ஏறி இறங்கியது. ஒரு நிமிடம் ஆவதற்குள் பிள்ளை அசல் விருதுநகர்க் கடைத்தெருக் குரலில், கட்டுப்படியாகாது என்பதுபோல் கத்தியது.

அதனால் வாங்குவதற்கு ஸ்வர்ணாவை விட்டால் ஆள் இல்லை என்று தவிட்டுப் பாக்கெட்டை அவரிடம் நீட்டினேன். சென்னைக்காரர், வழக்கத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார். வாங்குகிறவர் தர வேண்டிய விலையை விற்கிறவனே வாங்கி வந்து கொடுப்பது எங்கள் பரம்பரையில் இதுதான் முதல் தடவை.

"சார், பேஷன்ட் கிட்ட ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கினாலே எனக்கு மெமோ. குழந்தையையே வாங்கினா?"

வான்மதியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"இருங்க. வாங்கறதுக்கு ஆயுசு கெட்டியான ஒருத்தி இருக்கா."

போய், துணியில் சுற்றி ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிஜப் பிள்ளையின் அளவு, நிஜப் பிள்ளையின் கனம். மாஸ்க் வைத்து வைத்து மூக்கோரம் நிறம் போயிருந்தது.

"செவ்வாய்க்கிழமை ஆனா இவளுக்கு மூச்சு நின்னுடும். நாங்க மொத்தப் பேரும் மாத்தி மாத்தி மூச்சு கொடுப்போம். நைட் ஷிஃப்ட்டையும் விடறதில்ல. இவ செத்துச் செத்துப் பொழைச்சுதான் எங்க கை பழகுச்சு. நீங்க கேட்டு வந்தவதான், வான்மதி. பாத்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. வக்கீலைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரியிடம் நாங்கள் கேட்டது இரண்டே. ஒரு பொம்மை. அதை வைத்து வாரம் ஒரு நாள், ஒருவர் விடாமல் பயிற்சி. இதற்குப் போய் எட்டு லட்சத்தை விட்டானே என்று என் அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

வான்மதி பொம்மையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் மூக்கோரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு பாக்கெட்டைக் கிழித்து, ஒரு பிடி தவிட்டை அந்த ரப்பர்க் கையில் வைத்து, அந்தக் கையிலிருந்தே தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள்.

வியாபாரம் முடிந்தது. தொட்டிலைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

ஸ்வர்ணா பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த கையோடு கேட்டார்: "பேர் யோசிச்சாச்சா?"

"ஓவியா," என்றாள் வான்மதி.

நான் குனிந்து பிள்ளையிடம் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தேன்.

"இவளுக்கு இல்லைங்க. பெரியவளுக்கு. மூத்தவ இருக்கையில சின்னவளுக்கு முதல்ல வைப்பாங்களா?"

வான்மதி கண்ணால் காட்டிய பொம்மையை ஸ்வர்ணா எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

ஆக, மகள்கள் இரண்டு. ஒருத்தி அம்மா மடியில், பேருக்குக் காத்திருக்கிறாள். மற்றவளுக்கு நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, வேலை இருக்கிறது.