ரிப்பேரா, புதுசா?

"சத்தம் வருதுன்னா எப்படிப்பட்ட சத்தம்ப்பா? கரகரன்னா, இல்ல உய்யுன்னா?"

மகன் போனில் இப்படிக் கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான் என்றால் இனி அவன் லேசில் போனை வைக்க மாட்டான்.

"ரெண்டும் கலந்து வருதுடா. ஆஸ்துமாக்காரன் மாடிப்படி ஏறுற மாதிரி."

"வால்வுல தண்ணி ஒழுகுதா?"

"லேசா. சொட்டு சொட்டா."

"ரப்பர் ரிங் தேஞ்சிருக்கும். போன தடவையும் அதத்தான சொன்னீங்க? அந்தக் குளத்து ஃபில்டருக்கு வயசாயிடுச்சுப்பா. எத்தன தடவதான் ஒட்டுப் போடுவீங்க? பேசாம புதுசா மாத்திடலாம்."

அப்பாவுக்குப் பகீரென்றது.

கொல்லைப்புறத்தில் அந்தச் சின்ன நீச்சல் குளத்தைக் கட்டியதே அம்மாவின் முழங்கால் வலிக்காகத்தான். தண்ணீருக்குள் நடந்தால் வலி குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா இருந்தவரை அப்பாவும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அபூர்வம். "உன் புள்ள சாப்பிட்டானான்னு கேளு" என்பார் இவர். "சாப்பிட்டேன்னு சொல்லும்மா" என்பான் அவன். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, அப்படியே பழகிவிட்டது.

குளத்து ஃபில்டர் விஷயத்தில் மட்டும் அம்மாவைத் தூது விட முடியாது. அவளுக்கு ஸ்பானருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அதைக் கழற்றி மாட்டுகிற நாட்களில் மட்டும் அப்பனும் பிள்ளையும் வேறு வழியில்லாமல் வாய் திறந்து பேசிக்கொள்வார்கள்.

மகன் கடல் கடந்து வேலைக்குப் போனான். போனிலும் நடுவில் அம்மாதான். அவளும் கண்ணை மூடிய பிறகு, அவன் கூப்பிட்டால் பேச்சு இவ்வளவுதான்.

"நல்லா இருக்கீங்களா?"

"ம்."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"சரிப்பா, வெச்சிடட்டுமா?"

"வெச்சிடு."

அதற்கப்புறம் வீட்டில் பேச ஆள் கிடையாது. டிவியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் இவரும் பதில் வணக்கம் சொல்வார். அந்த அளவுக்கு ஆகிவிட்டது நிலைமை.

ஒருநாள் என்ன சொல்வதென்று தெரியாமல், ஃபில்டரில் ஏதோ சத்தம் வருகிறது என்று சும்மா எடுத்துவிட்டார். அன்றைக்கு மகன் வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு விலாவாரியாகப் பேசினான். அவ்வளவுதான், அதிலிருந்து ஃபில்டருக்கு மாதம் தவறாமல் ஏதாவது ஒரு சீக்கு வர ஆரம்பித்துவிட்டது.

இப்போது போய்ப் புதுசுக்குச் சரியென்று சொல்லிவிட்டால்? அது பாட்டுக்கு நோய் நொடி இல்லாமல் ஓடும். அப்புறம் எதைச் சொல்லி மகனைக் கூப்பிடுவது?

"புதுசெல்லாம் வேண்டாம்டா. இதோட உடம்புவாகு இப்ப வர்றதுக்கெல்லாம் வராது. ஒரு ரிங்கு போட்டா சரியாப் போயிடும்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. உள்ள வடிகட்டுற மணல் எப்ப மாத்தினீங்க?"

"மழைக்கு முன்னாடிதான். நானே சலிச்சுப் போட்டேன்."

"புதுசுன்னா இந்த மணல் வேலையே இல்லப்பா. தொல்ல விட்டுது."

"தொல்லைன்னு நான் சொன்னேனா? பழசுன்னா தூக்கிப் போட்டுடறதா? அப்படிப் பாத்தா என்னையும்தான் போடணும்."

"சரி சரி, கோவப்படாதீங்க. மோட்டாரப் போட்டுட்டு போனப் பக்கத்துல பிடிங்க. நான் கேட்டுட்டுச் சொல்றேன்."

அப்பா தயங்கினார். பிறகு கொல்லைப்புறம் போய்ச் சுவிட்சைத் தட்டி, இரைகிற மோட்டாரின் பக்கத்தில் குனிந்து போனைப் பிடித்தார். இடுப்பு விண்ணென்று வலித்தது. மகன் அந்தப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறானே என்று அவர் நிமிரவே இல்லை.

"கேட்டுதாடா?"

"கேட்டுது. பேரிங் கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. ஆனா..."

அப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஆனா நீங்க சொல்றதும் சரிதான். மாத்தணும்னு இல்ல, இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். ரிங்கு மட்டும் போடுங்க. போட்டுட்டுக் கூப்பிடுங்க, எப்படி ஓடுதுன்னு பாப்போம்."

"கட்டாயம் கூப்பிடறேன்." அப்பா மோட்டாரை அணைத்தார். "நீ சாப்பிட்டியா?"

"ஆச்சுப்பா. வெச்சிடட்டுமா?"

"வெச்சிடு."

கடலுக்கு அந்தப் பக்கம் மகன் போனை அணைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அறையில் கூடத் தங்கியிருந்த நண்பன் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டான்.

"உங்க வீட்டுல நீச்சல் குளமெல்லாம் இருக்கா? பெரிய இடத்துப் புள்ள போல. வாயே திறக்கலையே நீ."

"இப்ப இல்ல. அம்மா காரியம் முடிஞ்சு நான் இங்க திரும்பின கொஞ்ச நாள்லயே அப்பா அத மண்ணப் போட்டு மூடிட்டாரு. எங்கிட்ட சொல்லல. வீட்டு ஞாபகம் வந்தா நான் போன்ல சாட்டிலைட் மேப்புல மேலருந்து பாப்பேன். அந்த இடத்துல இப்ப செடிதான் இருக்கு. இப்பக் கேட்ட சத்தம் வீட்டுக்குத் தண்ணி ஏத்துற மோட்டாரு."

நண்பன் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தான். "அப்ப இவ்வளவு நேரம் எந்த ஃபில்டரடா புதுசா மாத்தச் சொல்லிச் சண்ட போட்ட?"

"மாத்தலாம்னு சொன்னாத்தாண்டா, வேண்டாம்னு சொல்றதுக்காவது அவர் எங்கூட இன்னும் கொஞ்ச நேரம் பேசுவாரு."